வண்டியும் ஏரியலும்



நெடுஞ்சாலையில் விரைந்து செல்லும் காவல் துறை வண்டியின் மீது மெல்லிய கம்பி ஒன்று அசைந்தாடிச் செல்வதை நீங்கள் கண்டிருப்பீர்கள். தீயணைப்பு வண்டியிலும் அத்தகைய கம்பி உண்டு. வண்டியினுள் இருக்கும் கருவியைப் பற்றி விசாரிப்பவர் பலர். அது எத்தனை வாட் ஆற்றல் உடையது, எவ்வளவு தொலைவு பேசும், என்ன விலை என்றெல்லாம் கேட்பர். வெளியே காற்றில் ஆடும் கம்பியைப் பற்றிக் கேட்பவரோ மிகச் சிலர். அக்கம்பியைப் பற்றித்தான் இன்று பேச எண்ணுகிறேன். அதனை ஏரியல் என்றும் ஆன்டெனா என்றும் கூறுவர். நான் ஏரியல் என்றே சொல்லிப் போகிறேன். அச்சொல் என் வாய்க்குப் பழகிவிட்டது.

காரில் பாட்டுக் கேட்பதற்கு ஒரு முழக் கம்பி போதும். நம்மை நோக்கிப் பேசும் நிலையம் பல்லாயிரம் வாட் ஆற்றலோடு, உயர்ந்த கோபுரத்திலிருந்து பேசுகிறது. நாம் கேட்பதோடு சரி. ஆனால் வண்டியே பேச வேண்டும் என்றால் நிலைமை வேறாகிவிடுகிறது. அதனிடம் இருப்பது 25 அல்லது 50 வாட். அச்சிறிய ஆற்றலை வீணாக்காமல் வெளியே அனுப்பும் பொறுப்பு முழுவதும் ஏரியலைச் சேர்ந்தது.

இத்துறையின் வரலாற்றிலேயே இதற்குச் சான்று உண்டு. 1928-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரக் காவல் துறையினர் தம் ரோந்து வண்டிகளில் வானொலி வாங்கிகளைப் பயன்படுத்தத் தொடங்கினர். நிலையம் பேசும், வண்டி கேட்கும், அவ்வளவே. வண்டி மறுமொழி கூற இயலாது. நியூ ஜெர்சி மாநிலத்துப் பேயோன் நகரில் வண்டியும் நிலையமும் ஒன்றோடொன்று பேசிக்கொண்டது 1933-இல்தான். இடையில் நின்ற தடைகள் பல. அவற்றுள் ஒன்று ஏரியலின் நீளம். முன்னவர் கையாண்டது நூறு மீட்டரையும் கடந்த நெடிய அலை. அதற்கு ஏற்ற கம்பி இருபத்தைந்து மீட்டருக்குக் குறையாமல் இருக்க வேண்டும். அதனைக் காரின் மேல் நிறுத்துவது எங்ஙனம்? பத்து மீட்டருக்கும் குறைந்த அலைகளைக் கையாளக் கற்ற பின்னரே வண்டிக்கு வாய் திறந்தது எனலாம்.

கம்பியின் நீளத்துக்கும் அலையின் நீளத்துக்கும் உள்ள உறவை நீங்களே கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒளியும் வானொலி அலையும் ஒரே வேகத்தில் செல்பவை. ஆகவே 300 என்ற எண்ணை மெகாஹெர்ட்ஸில் கூறப்படும் அதிர்வெண்ணால் வகுத்தால், அலைநீளம் மீட்டரில் கிடைக்கும். உரிமம் பெற்ற அமெச்சூர் வானொலியாளர் நம் நாட்டில் பயன்படுத்தும் பட்டைகளுள் ஒன்று 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரை உள்ளது. அதன் நடுவே 145-ஐ எடுத்துக்கொள்வோம். அலைநீளம் ஏறக்குறைய 2.07 மீட்டர். அதில் காற்பங்கு 52 சென்டிமீட்டர். கம்பிக்குக் கனம் உண்டு, நுனியும் உண்டு. ஆகையால் நூற்றுக்கு ஐந்து பங்கு குறைத்து 49 சென்டிமீட்டர் என வைத்துக்கொண்டால் பொருந்தும். ஒரு முழத்தை விடச் சற்றே நீண்ட இரும்புக் கம்பி! கடையில் வாங்கும் ஏரியல்களுள் விலையில் எளியதும் பிழை குறைந்ததும் இதுவே. என்னைக் கேட்டால் முதலில் இதையே வாங்குங்கள் என்பேன்.

காற்பங்குக் கம்பி எப்படி வேலை செய்கிறது? முழு ஏரியல் என்பது அரை அலை நீளம் கொண்டது. இரு கைகள் விரித்தது போன்றது. அதன் ஒரு கையை மட்டும் நிமிர்த்தி வைத்து, மற்றொரு கையின் வேலையைப் பூமியிடம் ஒப்படைக்கும் முறையை மார்க்கோனி கையாண்டார். இதனை வகுப்பில் விளக்கியபோது ஒரு மாணவன் எழுந்து, “ஐயா, கார் ரப்பர் டயரின் மேல் அல்லவா நிற்கிறது? அதற்குப் பூமி எங்கிருந்து கிடைக்கும்?” என்று கேட்டான். பாடநூலில் இல்லாத கேள்வி. ஆயினும் இவ்விஷயத்தின் உயிர்நிலை அங்கேதான் இருக்கிறது. வண்டியின் இரும்பு உடலே அந்த ஏரியலுக்குப் பூமி. கம்பியில் மேலும் கீழும் பாயும் மின்னோட்டத்துக்கு ஈடாக, அதன் அடியில் விரிந்து கிடக்கும் தகட்டிலும் மின்னோட்டம் பாய்கிறது. கம்பி பாதி ஏரியல் என்றால், வண்டி மற்றப் பாதி. நம் கண்ணுக்குக் கம்பி மட்டும் தெரிவதால் பாதியை மறந்துவிடுகிறோம்.

மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு நிகழ்ச்சியைக் கூறுகிறேன். 2018-ஆம் ஆண்டு நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரணியத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. மரங்களும் மின்கம்பங்களும் சாய்ந்தன. கைப்பேசிக் கோபுரங்கள் பல ஊர்களில் ஊமையாயின. சரிந்து கிடந்த மூங்கிற்கம்பத்தை நிமிர்த்தி, கார் பாட்டரி ஒன்றை வைத்துக்கொண்டு, மன்னார்குடியில் என் வானொலிக் கருவியின் முன் அமர்ந்திருந்தேன். திருத்துறைப்பூண்டிச் சாலையில் நிவாரண வண்டி ஒன்று சென்றுகொண்டிருந்தது. அதில் உரிமம் பெற்ற இளைஞர் ஒருவர் இருந்தார். எந்த முகாமில் குடிநீர் இல்லை என்ற பட்டியல் அவரிடம் இருந்தது. அது நகருக்கு வந்து சேர்ந்தால்தான் தண்ணீர் லாரி புறப்படும். நான் பேசியது அவருக்குக் கேட்டது. அவர் பேசியதோ வெறும் இரைச்சலாகவே வந்தது. ஒரு சொல்லும் பிடிபடவில்லை. என்னருகில் இருந்தவர்கள், “அந்தக் கருவிக்குச் சக்தி போதாது, பெரியது வேண்டும்” என்றார்கள்.

எனினும் அவர் பொத்தானை அழுத்தும்போது இரைச்சல் சற்றே தணிவதைக் கவனித்தேன். “தம்பி, நான் கேட்பதற்கு ஆம் என்றால் இரண்டு முறை அழுத்துங்கள், இல்லை என்றால் ஒரு முறை,” என்றேன். ஏரியல் சாமான் கேரியரின் மேல் இருக்கிறதா என்று கேட்டேன். இரைச்சல் இரு முறை தணிந்தது. கேரியர் ரப்பர்க் கால்களின் மேல் நிற்கிறதா? மீண்டும் இரு முறை. காரணம் விளங்கிவிட்டது. கம்பி உயரமான இடத்தில் இருக்கட்டும் என்று வண்டிக்காரர் காந்த அடியோடு அதைக் கேரியரின் குறுக்குப் பட்டையில் ஒட்டியிருக்கிறார். கேரியருக்கும் வண்டி உடலுக்கும் தொடர்பில்லை. ஏரியலுக்குப் பாதிதான் இருந்தது. புறப்பட்ட ஆற்றலில் பெரும்பகுதி திரும்பி வர, கருவி தன்னைக் காத்துக்கொள்ளத் தானாகவே சக்தியைக் குறைத்துக்கொண்டது. இக்காலக் கருவிகளில் அப்படியொரு காப்பு உண்டு. கம்பியை எடுத்துக் கூரைத் தகட்டின் மேலேயே வைக்கச் சொன்னேன். சில நிமிடங்களில் அவர் குரல் தெளிவாக வந்தது. முகாம்களின் பெயர்களை ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டேன். கருவி அதேதான். வாட்டும் அதேதான்.

ஆகவே இடம் தேர்வதே முதல் வேலை. கூரையின் நடுப்பகுதியே தலைசிறந்த இடம். எல்லாத் திசையிலும் தகடு சமமாக விரிந்திருப்பதால் அலையும் எல்லாத் திசையிலும் சமமாகச் செல்லும். பின்பெட்டியின் ஓரத்தில் வைத்தால், தகடு எந்தப் பக்கம் மிகுதியாக உள்ளதோ அந்தப் பக்கமே அலை மிகுதியாகச் செல்லும். இடப்புறப் பின்மூலையில் வைத்த ஏரியல் வலப்புற முன்திசையில் நன்றாகப் பேசும். வண்டி திரும்பினால் பேச்சும் தேயும். பம்பரில் வைப்பது எனக்கு உடன்பாடன்று. வண்டியின் உடலே ஒரு பக்கத்தை மறைத்துவிடுகிறது. கூரைக்கு இன்னொரு நன்மையும் உண்டு: உள்ளே அமர்ந்திருப்போருக்கும் கம்பிக்கும் நடுவே இரும்புத் தகடு இருக்கிறது. கூரை கண்ணாடியாகவோ நாரிழைப் பிளாஸ்டிக்காகவோ இருந்தால், அதன் அடியில் உலோகத் தகடு ஒன்றைப் பொருத்தியே ஆக வேண்டும்.

அடுத்து, எத்தகைய கம்பி? கடைக்காரர் “இதற்கு மூன்று டெசிபெல் கெயின், அதற்கு ஐந்து டெசிபெல்” என்பார். மூன்று டெசிபெல் என்றால் இரு மடங்கு. ஏரியல் ஆற்றலை உண்டாக்குவதில்லை என்பதை நினைவில் வையுங்கள். காற்பங்குக் கம்பியிலிருந்து அலை பரவும் வடிவம் நம் வீட்டு உளுந்து வடையைப் போன்றது. கம்பி நிற்கும் நடுவில் துளை. அங்கே மேல்நோக்கி ஒன்றும் செல்வதில்லை. சுற்றிலும் பருத்துப் பரவுகிறது. அதே வடையைக் கையால் தட்டையாக அழுத்தினால் அகலம் கூடும், மாவு கூடுவதில்லை. உயர்ந்த கெயின் உடைய நீண்ட கம்பி அவ்வாறு அழுத்திய வடை. எட்டில் ஐந்து பங்கு அலைநீளம் உள்ள ஏரியல் இந்தப் பட்டைக்கு ஏறக்குறைய ஒன்றேகால் மீட்டர் வரும். அடியில் ஒரு கம்பிச்சுருளும் இருக்கும். தஞ்சைச் சமவெளியில் அது நன்று. கொல்லிமலை வளைவுகளில் ஏறும் வண்டிக்கோ, பேச வேண்டிய நிலையம் தலைக்கு மேலே சிகரத்தில் இருக்கலாம். தட்டையான வடை அங்கே எட்டாது. குட்டைக் கம்பி எட்டும். நம் சாலைகளின் புளியமரக் கிளைகளையும் எண்ணிப் பார்த்தால் குட்டைக் கம்பியின் மேல் எனக்குள்ள பற்று இன்னும் கூடுகிறது.

பொருத்தும் முறைகளில், கூரையில் முக்கால் அங்குலத் துளையிட்டுத் திருகிப் பொருத்துவதே உறுதியானது, மழைநீரும் புகாது. ஆனால் புதிய காரில் துளையிட யாருக்குத்தான் மனம் வரும்? அப்படித் துளையிடுவதாயின் உட்கூரைத் துணிக்குள் ஓடும் கம்பிகளை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். இக்காலக் கார்களில் கூரை ஓரத்தில் காற்றுப்பைகள் மடித்து வைக்கப்பட்டிருக்கும். கேபிளை அவற்றின் குறுக்கே கொண்டுசெல்லலாகாது. பழைய அம்பாசிடர் காரில் கூரையைச் சுற்றி மழைநீர் வடியும் விளிம்பு இருந்தது. அதைக் கவ்வும் பிடி ஒன்றே போதும். வர்ணத்தைச் சிறிது சுரண்டி இரும்போடு இரும்பு தொடச் செய்வோம். இப்போதைய கார்களில் அவ்விளிம்பு இல்லை.

காந்த அடி எளிது. அது வர்ணத்தின் மேல் அமர்ந்திருக்கிறதே, தகட்டைத் தொடவில்லையே என ஐயுறலாம். காந்த அடியும் கூரையும் இரு தகடுகள், நடுவே வர்ணம். அஃது ஒரு மின்தேக்கி அன்றோ? 145 மெகாஹெர்ட்ஸில் அத்தேக்கி வழியே மின்னோட்டம் தாராளமாகச் செல்லும். காந்தத்தின் அடியில் மணல் சிக்கினால் வர்ணம் கீறும். அவ்வப்போது எடுத்துத் துடைக்க வேண்டும். கேபிள் கதவிடுக்கில் நசுங்காமல் இருக்க வேண்டும். உள்ளே நுழையுமுன் அதைக் கீழ்நோக்கி ஒரு வளைவு விட்டுக் கொண்டுவந்தால், மழைநீர் அவ்வளவிலேயே சொட்டிப் போகும். கருவி வரை ஊர்ந்து வராது.

நெடிய அலைகளில் இந்த எளிமை இல்லை. 7 மெகாஹெர்ட்ஸில் காற்பங்கே பத்து மீட்டருக்கு மேல். இரண்டரை மீட்டர்க் கம்பியில் சுருள் ஒன்றைச் சேர்த்து அதனை ஏமாற்ற வேண்டியிருக்கிறது. மின்னோட்டம் மிகுதியாக இருப்பது அடிப்பகுதியில். ஆகவே சுருளை அடியில் வைப்பதைவிட நடுவில் வைப்பது மேல். அப்படியும் கருவி தரும் ஆற்றலில் நூற்றுக்குப் பத்துப் பங்கு அலையாக வெளியேறினால் மகிழ வேண்டியதுதான். காந்த அடி இங்கே பயன்படாது. கதவு, பானெட், சைலன்ஸர் ஆகியவற்றைப் பட்டைக் கம்பியால் உடலோடு இணைத்துவிட்டால் பயன் கூடும். பெட்ரோல் எஞ்சினின் இரைச்சலும் குறையும். அந்த எஞ்சினில் பொறி பறக்கும் ஒவ்வொரு பிளக்கும் மார்க்கோனி காலத்துச் சிறு பரப்பியே.

இனி அளவிடுதல். கருவிக்கும் ஏரியலுக்கும் நடுவே நிலையலை விகிதம் காட்டும் மீட்டரை இணைப்பார்கள். கயிற்றைக் கதவில் கட்டி உதறினால் அலை கதவில் மோதித் திரும்பி வருவதைக் காண்பீர்கள். பொருந்தாத ஏரியலிலும் அவ்வாறே ஒரு பகுதி திரும்புகிறது. விகிதம் ஒன்றரை எனில் நூற்றுக்கு 4 பங்கும், இரண்டு எனில் 11 பங்கும், மூன்று எனில் 25 பங்கும் திரும்பும். ஒன்றரைக்குக் கீழே வந்தால் மேலும் வருந்த வேண்டாம். முள் ஒன்றில் நின்றால் ஏரியல் சிறந்தது என்று பலர் எண்ணுகிறார்கள். ஐம்பது ஓம் மின்தடை ஒன்றை ஏரியலுக்குப் பதில் இணைத்துப் பாருங்கள். முள் ஒன்றில்தான் நிற்கும். ஓர் அலையும் வெளியே போகாது. ஆற்றல் முழுவதும் சூடாகும். துருப்பிடித்த இணைப்பும் மோசமான பூமியும் அவ்வாறே மீட்டரை மகிழ்விக்கும்.

கம்பியை நறுக்கும்போது 52 சென்டிமீட்டரிலேயே தொடங்குங்கள். 144, 145, 146 ஆகிய மூன்று இடங்களிலும் விகிதத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். 144-இல் குறைவாகவும் 146-இல் மிகுதியாகவும் இருந்தால் கம்பி நீளம். மூன்று மூன்று மில்லிமீட்டராக வெட்டுங்கள். சோதனைக்குக்கூட உரிமம் உடையவர் உடனிருந்தே கருவியை இயக்க வேண்டும். கதவுகளை மூடி, கம்பியை விட்டு இரண்டு மீட்டர் விலகி நின்று, மேலே மின்கம்பி தாழ்ந்து தொங்காத திறந்த வெளியில் அளவு எடுங்கள். பின்பு நண்பர் ஒருவரைத் தொலைவில் கேட்கச் சொல்லி, வண்டியை எட்டுத் திசைக்கும் ஒவ்வொன்றாகத் திருப்பி நிறுத்தி, அவர் கூறும் அளவை வட்டத்தாளில் புள்ளியிட்டு இணையுங்கள். கூரை நடுவில் வைத்த ஏரியலுக்கு அக்கோடு ஏறக்குறைய வட்டமாக வரும். பின்மூலையில் வைத்து மறுபடி வரைந்தால் ஒரு பக்கம் பிதுங்கிய மாங்காய் போல் வரும்.