சோறு போட்டா போதுமா? மொட்டை மாடிக் கோழிகளின் சாப்பாட்டுத் தட்டு

வீட்டுத் தோட்டம் பத்திப் பேசினப்போ நிறைய பேர் கோழி பத்தியும் கேட்டிருந்தீங்க. அதுல ஒரு கேள்வி இது: "மாடியில நாலு நாட்டுக்கோழி வளர்க்கிறோம். தினமும் வயிறு நிறைய சோறு போடுறோம். ஆனா முட்டை குறைஞ்சுடுச்சு, வர்ற முட்டையும் கையில எடுத்தாலே நொறுங்குது. ஏன்?"

பதில் அந்தக் கேள்விக்குள்ளயே இருக்கு. வயிறு நிறைய சோறு போடுறதுதான் பிரச்சினை.

உடனே நீங்க கேப்பீங்க, "எங்க பாட்டி ஊர்ல ரெண்டு கை நெல்லு இறைச்சுவிட்டு வளர்த்தாங்களே, அந்தக் கோழி நல்லாத்தானே இருந்துச்சு?" உண்மைதான். ஆனா பாட்டி போட்டது மட்டும் அந்தக் கோழியோட சாப்பாடு இல்ல. காலையில கூடையைத் திறந்துவிட்டா, சாயங்காலம் வரைக்கும் அது குப்பைமேட்டைக் கிளறும். புழு, கரையான், வெட்டுக்கிளி, கீரை, நத்தை ஓடுன்னு புரதமும் சுண்ணாம்புச் சத்தும் தானாத் தேடிக்கும். நெல்லு வெறும் கொசுறு. உங்க மாடியில என்ன இருக்கு? சிமெண்ட் தரை. அங்க அது எவ்வளவு கிளறினாலும் ஒண்ணும் கிடைக்காது. நீங்க தட்டுல வைக்கிறது மட்டும்தான் அதோட மொத்த உலகம்.

இப்ப ஒரு சின்ன கணக்கு பார்ப்போம். ஒரு முட்டையில சுமார் 6 கிராம் புரதம் இருக்கு. 100 கிராம் வடிச்ச சோத்துல 3 கிராம்கூட இல்ல. முட்டை ஓட்டுக்குச் சுமார் 2 கிராம் கால்சியம் வேணும். அதே 100 கிராம் சோத்துல இருக்கிறது ஏறக்குறைய 10 மில்லிகிராம். அதாவது 200-ல ஒரு பங்கு! அப்போ மிச்சம் எங்கிருந்து வருது? கோழியோட எலும்புல இருந்து. முட்டையிடுற கோழி தன் எலும்புக்குள்ள கொஞ்சம் கால்சியத்தைச் சேமிச்சு வெச்சிருக்கும். தீனியில வராட்டி அதைக் கரைச்சு ஓடு கட்டும். சேமிப்பு குறையக் குறைய ஓடு மெலிஞ்சுபோகும், தோல்முட்டை வரும், கடைசியில கால் எலும்பே பலவீனமாகும். அந்த நொறுங்குற முட்டை, கோழி உங்களுக்கு அனுப்புற எச்சரிக்கை.

சோத்தை மட்டும் நம்பினா என்ன ஆகும்னு காட்டுற ஒரு பழைய கதை இருக்கு. நோபல் பரிசு வரைக்கும் போன கதை. 1890-ஐ ஒட்டிய வருஷங்கள். இடம் படேவியா, அதாவது இன்னைக்கு ஜகார்த்தா. கிறிஸ்டியான் எய்க்மான்னு ஒரு டச்சு மருத்துவர், பெரிபெரி நோய்க்குக் காரணமான கிருமியைத் தேடிட்டிருந்தார். திடீர்னு ஆய்வகத்துக் கோழிகள் நடக்க முடியாம தள்ளாடி விழுந்துச்சு. கொஞ்ச மாசத்துல தானா சரியாவும் ஆச்சு. விசாரிச்சா, விஷயம் சமையலறையில இருந்திருக்கு. ராணுவ மருத்துவமனையில மிஞ்சின வெள்ளைச் சோறு கோழிகளுக்குப் போயிட்டிருந்தது. புதுசா வந்த சமையல்காரர், "ராணுவச் சோத்தைச் சாதாரணக் கோழிக்குத் தர முடியாது"ன்னு நிறுத்திட்டார். தீட்டாத அரிசிக்கு மாறினதும் கோழிகள் எழுந்து நடந்துச்சு!

அரிசியைத் தீட்டும்போது போன தவிட்டுல இருந்த ஒரு சத்துதான் காரணம்னு பிறகு தெரிஞ்சது. இன்னைக்கு அதுக்குப் பேர் தயமின், வைட்டமின் பி1. 1929-ல எய்க்மானுக்கு நோபல் பரிசு கிடைச்சது. அந்தக் கோழிகள் பட்டினி கிடக்கல, கவனிச்சீங்களா? வயிறு நிறைஞ்சுதான் இருந்துச்சு.

சரி, தட்டுல என்ன வைக்கலாம்? சுலபமான வழி, கடையில கிடைக்கிற லேயர் தீவனம். வளர்ந்த கோழிக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 100 கிராம். அதுல 16 முதல் 18 சதவீதம் புரதம் இருக்கணும், மூட்டையிலயே அச்சடிச்சிருப்பாங்க. வீட்டுல மிஞ்சின சோறு, காய்கறித் தோல் எல்லாம் மொத்தத் தீனியில பத்துல ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம். உப்பு, காரம் போட்ட குழம்புச் சோறு வேண்டவே வேண்டாம்.

நீங்களே கலக்கிறதா இருந்தா, தோராயமா பாதி மக்காச்சோளமோ கம்போ, கால் பங்கு சோயா புண்ணாக்கு, மிச்சத்துல தவிடும் தாது உப்புக் கலவையும். தானியம், பருப்பு ரெண்டும் ஏன்? இட்லிக்கு அரிசியும் உளுந்தும் சேர்க்கிற மாதிரிதான். ஒண்ணுல குறையுற அமினோ அமிலத்தை இன்னொண்ணு ஈடுகட்டும். முருங்கைக்கீரை, அசோலா கொஞ்சம் போடலாம். ஒரு முக்கியமான விஷயம்: பூஞ்சை பிடிச்ச புண்ணாக்கை வெயில்ல காய வெச்சுப் போட்டா சரியாயிடும்னு நம்பிடாதீங்க. அந்த நஞ்சு கல்லீரலைக் கெடுக்கும். தூக்கிப் போட்டுடுங்க.

கால்சியத்துக்கு, உடைச்ச கிளிஞ்சலைத் தனிக் கிண்ணத்துல வையுங்க. தீனியோட கலக்க வேண்டாம். தேவைப்படுற கோழி தானே கொத்திக்கும். சாயங்காலம் கிண்ணம் காலியா இல்லாம பாத்துக்கோங்க. ஏன்னா ஓடு பெரும்பாலும் ராத்திரியிலதான் உருவாகுது. குஞ்சுகளுக்கு மட்டும் லேயர் தீவனம் கூடாது. அவ்வளவு கால்சியம் அதுங்களோட சிறுநீரகத்தைப் பாதிக்கும். அதுங்களுக்குத் தனியா குஞ்சுத் தீவனம் இருக்கு.

அப்புறம் தண்ணி. கோழி சாப்பிடுற தீனியைப் போல ரெண்டு மடங்கு தண்ணி குடிக்கும், சென்னை வெயில்ல இன்னும் அதிகம். தண்ணி சூடாயிட்டா குடிக்காது. குடிக்காட்டி தீனியும் எடுக்காது. அதனால மதியம் ஒரு தடவை நிழல்ல வெச்சு மாத்துங்க.

தீனியைச் சரிபண்ணின மறுநாளே முட்டை கெட்டியாயிடாது, சில வாரம் பொறுங்க. அதுக்கப்புறமும் ஓடு மெலிசாவே இருந்தாலோ, கோழி நொண்டினாலோ, பக்கத்துல இருக்கிற கால்நடை மருத்துவர்கிட்ட காட்டிடுங்க. கோழி பத்தி இன்னும் கேள்வி இருந்தா அனுப்புங்க, அடுத்த எபிசோடுல பேசுவோம்.