மாட்டுக்கு விடுப்பு



இன்று தமிழ் இலக்கியத்தில் பட்டம் பெறும் உங்கள் முன்னால் மண் தோண்டியவனைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். சுரங்கப்பாதை, நிலத்தடி நிலையம் என்று வேலைக்காலம் முழுவதையும் தரைக்குக் கீழேயே தள்ளியவன் நான். அழைப்புக் கடிதத்தில் 'அன்றாட வாழ்வில் நன்றியறிதல்' என்று தலைப்பையும் போட்டு அனுப்பிவிட்டார்கள். செய்ந்நன்றி அறிதலுக்கு வள்ளுவர் 11ஆம் அதிகாரத்தை முழுதாக ஒதுக்கியிருக்கிறார். அதை உங்களுக்கு நான் விளக்கப் புகுந்தால் முன்வரிசையில் இருக்கும் பேராசிரியர்கள் சிரிப்பார்கள். ஆகவே எனக்குத் தெரிந்த இடத்திலிருந்து, ரேஸ் கோர்ஸ் சாலையிலிருந்து, தொடங்குகிறேன்.

சிங்கப்பூரின் வடகிழக்கு ரயில் பாதை 2003 ஜூன் 20ஆம் தேதி திறந்தது. இன்று நீங்கள் லிட்டில் இந்தியா நிலையத்தில் இறங்கி, மின்படிகளில் ஏறித் தேக்காவுக்குக் காய்கறி வாங்கப் போகிறீர்களே, அந்தப் பக்கமெல்லாம் அதற்கு முந்தைய ஆண்டுகளில் குழியும் சேறும்தான். எங்கள் பணித்தளத்தில் அறந்தாங்கிப் பக்கத்து ஃபோர்மேன் ஒருவர் இருந்தார். என்னைவிட மூத்தவர், ஆனாலும் என்னை 'சார்' என்பார். நான் அவரை 'அண்ணே' என்பேன். குழியிலிருந்து வரும் மண்ணை உள்ளங்கையில் வைத்து உருட்டிப் பார்த்தே, கடல் களிமண் எங்கே முடிகிறது என்று சொல்லிவிடுவார். எங்கள் ஆய்வக அறிக்கை வருவதற்குள் அவர் மதியச் சாப்பாட்டையும் முடித்திருப்பார்.

ஓர் ஆயுத பூஜை. அண்ணன் முதல் நாள் மாலையே எக்ஸ்கவேட்டரைக் கழுவச் சொல்லிவிட்டார். காலையில் வந்து பார்த்தால், பலகை ஒன்றின் மேல் வாழையிலை, பொரி, கடலை, வெல்லம். பக்கத்தில் ஸ்பேனர்கள், சுத்தியல்கள், மட்டம் பார்க்கும் கருவி எல்லாம் சந்தனம் குங்குமத்தோடு வரிசையாகப் படுத்திருக்கின்றன. என் கால்குலேட்டரையும் வாங்கி ஒரு பொட்டு வைத்தார். பங்களாதேஷ் தம்பி ஒருவர் தயங்கித் தயங்கித் தன் ஸ்பேனரையும் கொண்டுவந்து ஓரமாக வைத்தார். சீனக் கிரேன் ஓட்டுநர் மேலேயிருந்து கொக்கியை இறக்கி, அதற்கும் பூசச் சொன்னார். எக்ஸ்கவேட்டரின் சங்கிலிக்கு அடியில் எலுமிச்சம்பழம் நசுங்கியது. எல்லாம் முடிந்ததும் அண்ணன் சொன்னார்: "பூசையில வச்சத இன்னிக்கு எடுக்கக் கூடாது சார்."

ஒரு பெரிய இயந்திரம் சும்மா நின்றால் மணிக்கு எவ்வளவு செலவு என்று பொறியாளனுக்குத் தெரியும். திட்ட மேலாளரிடம் பேசி, எப்படியும் செய்தாக வேண்டிய பராமரிப்பு வேலையை அன்றைக்கு மாற்றி, மதியத்துக்கு மேல் இயந்திரங்களை நிறுத்தினோம். இயந்திரம் நின்றதால் பலகை சுமப்பது, சேறு அள்ளுவது போன்ற கைவேலைகளை ஆட்களுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். அண்ணன் என்னிடம் வந்தார். "மெஷினுக்கு லீவு விட்டாச்சு சார். ஆளுங்களுக்கு?"

முகத்தில் சிரிப்பே இல்லை. நான் மறுபடி மேலாளரிடம் போனேன். அவர் சிரித்துவிட்டு, கூலி பிடிக்காமல் அரைநாள் விட்டார். அந்த அரைநாளில் அவர்கள் என்ன செய்தார்கள் என்று நினைக்கிறீர்கள்? சிலர் குளித்துவிட்டுப் பெருமாள் கோவிலுக்குப் போனார்கள். சிலர் ஊருக்குப் பணம் அனுப்பப் போனார்கள். பெரும்பாலோர் கொள்கலன் நிழலில் அட்டையை விரித்துத் தூங்கினார்கள். அப்படியொரு தூக்கத்தை நான் பார்த்ததில்லை. அதன்பிறகு என் பொறுப்பில் இருந்த எல்லாத் தளங்களிலும் ஆயுத பூஜையன்று ஆட்களுக்கும் அரைநாள் உண்டு.

அன்றிலிருந்து நன்றிக்கு என்னிடம் ஒரே ஒரு அளவுகோல்தான். நீங்கள் நன்றி சொன்ன பிறகு எதிரில் இருப்பவரின் சுமை கொஞ்சமாவது குறைந்ததா? குறைந்தால் அது நன்றி. குறையாவிட்டால் அது உங்கள் மனத்திருப்தி. அதுவும் தேவைதான், வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் அது உங்களுக்கு நீங்களே கொடுத்துக்கொண்டது.

நம் முன்னோர்களுக்கு இது தெரிந்திருந்தது. மாட்டுப் பொங்கலன்று மாட்டைக் குளிப்பாட்டுவதும் கொம்புக்கு வண்ணம் பூசுவதும் நம் கண்ணில் படுகின்றன. அன்றைக்கு ஏர் பூட்டுவதில்லை என்பதுதான் மாட்டின் கண்ணில் படும். லிட்டில் இந்தியா ஒரு காலத்தில் மாட்டுத் தொழுவங்கள் நிறைந்த இடம். பஃப்ளோ சாலை, லெம்பு சாலை, மாட்டு வணிகர் பெலிலியோஸின் பெயரில் ஒரு சாலை என்று இன்றும் அடையாளம் இருக்கிறது. இப்போது பொங்கலுக்கு அங்கே மாடுகளை அழைத்து வருகிறார்கள். பிள்ளைகள் பார்க்க வேண்டும், நல்ல ஏற்பாடுதான். ஆனால் எனக்கு ஒரு சின்னக் குறும்பு தோன்றும்: ஆண்டு முழுக்க நிம்மதியாக இருக்கும் அந்தப் பசுவுக்கு, நாம் நன்றி சொல்லும் நாளில்தான் கூடுதல் வேலை. காலையிலிருந்து இரவு வரை போட்டோவுக்கு நிற்க வேண்டும்.

என் மாணவப் பருவத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்லச் சொன்னார்கள். நான் 1979இல் சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தேன். மறுவருடம் அது நன்யாங் பல்கலைக்கழகத்தோடு இணைந்து சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம் ஆயிற்று. சேர்ந்த பல்கலைக்கழகம் ஒன்று, பட்டம் தந்தது இன்னொன்று; நான் இருக்கையை விட்டு எழுந்திருக்கவே இல்லை. அப்போதெல்லாம் தேக்காச் சந்தை சிராங்கூன் சாலைக்கு எதிர்ப்பக்கத்தில் இருந்தது. மாதக் கடைசியில் அங்கே ஒரு தேநீரை இரண்டாகப் பிரித்துக் குடித்த நண்பர்களில் ஒருவர் பின்னாளில் பெரிய வழக்கறிஞர். இன்றும் பாதித் தேநீர்தான் வாங்கிக் கொடுப்பார்.

நான் சேர்ந்த அதே 1979இல்தான் அரசாங்கம் தேசியப் பண்புநெறி இயக்கத்தைத் தொடங்கியது. பேருந்தில், பள்ளியில், அலுவலகத்தில் எங்கே பார்த்தாலும் சுவரொட்டி; நான்கு மொழிகளிலும் 'தயவுசெய்து', 'நன்றி'. 1982இல் சிங்கா என்ற சிங்கக்குட்டி வந்தது. பல்லெல்லாம் தெரியச் சிரிக்கும். 1997இல் தொடங்கிய சிங்கப்பூர்க் கருணை இயக்கம் பின்னாளில் அந்தச் சிங்கத்தைத் தத்தெடுத்துக்கொண்டது. 2013இல் அது கோபமும் சிடுசிடுப்பும் கூடிவிட்ட சமூகத்தைப் பார்த்துக் களைத்துப்போனதாகச் சொல்லிப் பதவி விலகல் கடிதம் எழுதியது! விளம்பர உத்திதான். ஆனாலும் முப்பது வருடம் சிரித்த சிங்கத்துக்கே அலுத்துப்போயிற்று என்பதில் ஓர் உண்மை இருக்கிறது.

இனி நான் பேசப்போவதை வீட்டில் பேசினால் என் மனைவி எழுந்து சமையலறைக்குப் போய்விடுவார். உணவங்காடி நிலையத்துத் தட்டு. சாப்பிட்ட தட்டை எடுத்துக்கொண்டுபோய் அடுக்கில் வையுங்கள் என்று எத்தனை ஆண்டு கெஞ்சினார்கள்! 2020 ஆகஸ்டில் திருப்பி வைத்தவர்கள் 33 விழுக்காடு. ஓராண்டு கழித்து 65. 2021 செப்டம்பர் 1 முதல் சட்டம் பாய்ந்ததும் ஒரே மாதத்தில் 84. இதைச் சொல்லிச் சிலர் வருத்தப்படுவார்கள், அபராதத்துக்குப் பயந்து செய்வதெல்லாம் பண்பா என்று. எனக்கு அந்த வருத்தமே இல்லை. தேக்கா உணவங்காடியில் மேசை துடைக்கும் அம்மாவுக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். மீன் முள்ளும் மிச்சக் குழம்பும் நிறைந்த தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, வண்டியைத் தள்ளிக்கொண்டு போகும்போது அவர் இடுப்பில் ஒரு கையை ஊன்றிக்கொள்வார். அந்த இடுப்பிடம் கேளுங்கள், பயந்து வைத்த தட்டுக்கும் பாசத்தோடு வைத்த தட்டுக்கும் எடையில் வித்தியாசம் உண்டா என்று.

2020 மார்ச் 30, இரவு எட்டு மணிக்கு, கொவிட் முன்களப் பணியாளர்களுக்காக நாடே சன்னலில் நின்று கைதட்டியது நினைவிருக்கும். நானும் தட்டினேன். அடுத்த சில வாரங்களில் கொவிட் தங்கும் விடுதிகளுக்குள் புகுந்தது. ஆண்டு முடிவில் கணக்குப் பார்த்தபோது, விடுதிகளில் இருந்த வெளிநாட்டு ஊழியர்களில் 47 விழுக்காட்டினருக்குத் தொற்று வந்துபோயிருந்தது. ஓர் அறையில் எத்தனை கட்டில் போடலாம், எத்தனை பேருக்கு ஒரு கழிவறை என்ற விதிகள் அதற்குப் பிறகுதான் மாறின. கைதட்டலைவிட அந்த விதிகளை நான் பெரிய நன்றியாக எண்ணுகிறேன். நன்றி இவ்வளவு தாமதமாக வந்திருக்க வேண்டாம்.

2025 ஜூலை 26, சனிக்கிழமை மாலை. தஞ்சோங் காத்தோங் சாலை சவுத்தில் பொதுப் பயனீட்டுக் கழகப் பணித்தளத்துக்குப் பக்கத்தில் சாலை உள்வாங்கியது. ஒரு பெண்மணி ஓட்டிவந்த கார் அப்படியே குழிக்குள் விழுந்தது. தண்ணீர் ஏறிக்கொண்டிருந்த குழியிலிருந்து அந்தப் பெண்மணியை வெளியே கொண்டுவந்தவர்கள் பக்கத்துத் தளத்து ஊழியர்கள் ஏழு பேர். அவர்களுடைய ஃபோர்மேன் ஒரு தமிழர். நைலான் கயிற்றை எறிந்து சில நிமிடங்களில் இழுத்துவிட்டார்கள். நிலத்தடியில் வேலை பார்த்தவன் என்பதால் சொல்கிறேன்: உள்வாங்கிய குழியின் விளிம்பு எந்த நேரமும் இன்னும் கொஞ்சம் உடையலாம். அந்த விளிம்பில் நிற்பது என்னவென்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் நின்றார்கள்.

மனிதவள அமைச்சு அவர்களுக்குப் பாராட்டு நாணயம் கொடுத்தது. அதிபர் தர்மன் இஸ்தானாவில் சந்தித்தார். ஒரு நாணயம் போதுமா என்று நாடே விவாதித்தது. ஓர் அறக்கட்டளை திரட்டிய நிதி 70,000 வெள்ளியைத் தாண்டியது. விவாதம் நடந்ததே நல்லது. எனக்கு நாணயத்தைக் குறை சொல்ல மனமில்லை. ஆனால் கட்டுமானத்திலும் கப்பல் பட்டறையிலும் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோர் உழைக்கிறார்கள். எல்லாருக்கும் கயிறு எறியும் சந்தர்ப்பம் வாய்க்காது. அவர்களில் பலர் இன்று மாலையும் லாரியின் பின்புறத்தில் உட்கார்ந்துதான் விடுதிக்குப் போவார்கள். அந்த லாரியைப் பேருந்தாக மாற்றுவதற்கு ஒப்பந்தப்புள்ளியில் ஒரு வரி சேர்த்தால் போதும். செலவு கூடும். கூடட்டுமே.

நன்றி இப்படிச் சட்டமாகவும் விதியாகவும் வர முடியும் என்பதற்கு என் தொழிலிலேயே கசப்பான உதாரணம் உண்டு. 2004 ஏப்ரல் 20, நிக்கல் நெடுஞ்சாலையில் வட்டப் பாதைக்காகத் தோண்டிய குழி இடிந்தது. நான்கு பேர் இறந்தார்கள். தன் ஆட்களை வெளியேற்றிவிட்டு உள்ளேயே அகப்பட்டுக்கொண்ட ஃபோர்மேனின் உடல் கடைசிவரை கிடைக்கவில்லை.  2006இல் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் வந்தது. 2004இல் ஒரு லட்சம் ஊழியர்களுக்கு 4.9 ஆக இருந்த வேலையிட மரண விகிதம் 2023இல் 0.99 ஆக இறங்கியது. இன்று உயிரோடு வீடு திரும்பும் யாருக்கும் அந்த நால்வரின் பெயர் தெரிந்திருக்காது. பரவாயில்லை, திரும்பிவிடுகிறார்களே.

உங்களிடம் வருகிறேன். 1950களில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்தியவியல் துறை வந்தபோது அங்கே தமிழுக்கு முதலிடம் வேண்டும் என்று போராடிய தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி, 'தமிழ் எங்கள் உயிர்' என்ற பெயரில் நிதி திரட்டினார். சாதாரண மக்களிடம் ஆளுக்கு ஒரு வெள்ளி. அதே காலத்தில் நன்யாங் பல்கலைக்கழகத்துக்காகச் சீனத் திரிஷா ஓட்டிகள் ஒருநாள் வருமானத்தை அப்படியே தூக்கிக் கொடுத்தார்கள். அந்த ஒரு வெள்ளி கொடுத்தவர்களில் பலர் தமிழ் எழுதப் படிக்கத் தெரியாத கூலிகள். அவர்கள் சுமையை நீங்கள் இனிமேல் இறக்கி வைக்க முடியாது. அதே வேலையை இன்று செய்கிறவர்கள் இருக்கிறார்கள்.

ஆகவே ஒரு வேலை சொல்கிறேன். எல்லாத் தளத்திலும் காலையில் டூல்பாக்ஸ் மீட்டிங் என்று ஒன்று நடக்கும். இன்று எந்தக் குழிக்குப் பக்கத்தில் போகக் கூடாது, எந்தத் தாங்குகம்பியைத் தொடக் கூடாது என்று பொறியாளர் ஆங்கிலத்தில் சொல்வார். ஃபோர்மேன் நின்ற இடத்திலேயே அதைத் தமிழில் சொல்வார். அறந்தாங்கி அண்ணனும் அப்படித்தான் செய்தார், சம்பளம் இல்லாத இரண்டாவது வேலையாக. ஒரு நிபந்தனை விட்டுப்போனால் ஒரு விரல் போகலாம். கையேடுகள் தமிழில் இருப்பதுண்டு. அவற்றில் சிலவற்றைப் படித்தால் எனக்கே ஆங்கிலத்தைப் பார்த்துத்தான் பொருள் விளங்குகிறது.

நானும் ஓய்வுபெற்ற சில பொறியாளர்களும் அந்தக் கையேடுகளை நல்ல தமிழில் திருத்திக்கொண்டிருக்கிறோம். எங்களுக்குக் கம்பி தெரியும், வாக்கியம் தெரியாது. நீங்கள் எழுதுங்கள். எழுதியதை ஓர் ஊழியரிடம் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். அவர் நெற்றியைச் சுருக்கும் இடத்தில் உங்கள் இலக்கணத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுங்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் கூடுகிறோம். வர விரும்புகிறவர்கள் பதிவாளர் அலுவலகத்தில் பெயர் கொடுங்கள். செருப்பு வேண்டாம், பாதம் மூடிய காலணி போட்டு வாருங்கள். இல்லாவிட்டால் தளத்துக்குள் விடமாட்டார்கள்.