எலும்பு மஜ்ஜைக் கொடை: பெயர் கொடுக்கும் முன்பும் பின்பும்
(ஜமாஅத் பொதுக்குழுக் கூட்டத்தில் பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரை)

 

நமது மஹல்லாவைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் இரத்தப் புற்றுநோயால் பீடிக்கப்பட்டுச் சிகிச்சையில் இருப்பதை நீங்கள் அறிவீர்கள். பெயரைச் சபையில் சொல்ல வேண்டாமென்று அவருடைய தகப்பனார் கேட்டுக்கொண்டார், சொல்லவில்லை. பைத்துல்மாலிலிருந்து கொடுத்தோம். வளைகுடாவிலுள்ள சகோதரர்களும் அனுப்பினார்கள். பணம் ஓரளவு சேர்ந்துவிட்டது. இப்போது அவருக்குத் தேவைப்படுவதோ பணம் கொடுத்து வாங்க முடியாத ஒன்று.

எலும்பின் உட்குழிவிலுள்ள மஜ்ஜைதான் இரத்த அணுக்களை உண்டாக்குகிறது. இந்த நோயில் அந்த ஊற்றே கெட்டுவிடுகிறது. இரத்தப் புற்றுநோய் வந்த எல்லோருக்கும் மஜ்ஜை மாற்ற வேண்டியதில்லை. குழந்தைகளுக்கு வருவதில் பெரும்பகுதி மருந்துகளாலேயே குணமாகிறது; நாள்பட்ட வகையொன்றிற்கு 2001-ஆம் ஆண்டு முதல் மாத்திரையே வந்துவிட்டது. மருந்துக்கு அடங்காத, அல்லது அடங்கிய பின் மீண்டும் தலைதூக்கும் நோய்க்குத்தான் பிறருடைய மஜ்ஜை தேவைப்படுகிறது. இதை முன்னின்று செய்து காட்டிய அமெரிக்க மருத்துவர் டோனல் தாமஸுக்கு 1990-ஆம் ஆண்டு நோபல் பரிசு கிடைத்தது. நம் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1986-ஆம் ஆண்டிலிருந்தே இச்சிகிச்சை நடைபெற்று வருகிறது.

இங்கே இரத்த வகை பொருந்துவது முக்கியமன்று. அது மாறியிருந்தாலும் கொடுக்கலாம். பொருந்த வேண்டியது எச்.எல்.ஏ. என்னும் அடையாளம். இதில் பாதி தந்தையிடமிருந்தும் பாதி தாயிடமிருந்தும் வருகிறது. ஆகவே உடன்பிறந்த ஒருவர் முழுமையாகப் பொருந்துவதற்கு நான்கில் ஒரு வாய்ப்பே உண்டு. இந்த இளைஞருக்கு உடன்பிறந்தோர் இருவர்; இருவருமே பொருந்தவில்லை. பெற்றோரிடமிருந்து பாதிப் பொருத்தத்தோடு எடுத்துச் செய்யும் முறையும் இன்று உண்டு. அவருக்கு எது ஏற்றது என்பதை மருத்துவர்கள் முடிவு செய்வார்கள். அதில் நாம் புகுந்து பேசுவது அழகன்று.

குடும்பத்துக்கு வெளியே தேடுவதென்றால் பதிவகங்களில்தான் தேட வேண்டும். உலகெங்கும் 4 கோடிக்கும் அதிகமானோர் பதிவு செய்துள்ளனர். அவ்வளவு பேர் இருந்தும் ஏன் கிடைக்கவில்லை? இந்த அடையாளம் வம்சாவழியோடு வருவது. அமெரிக்கப் பதிவகத்தில் வெள்ளையர் ஒருவருக்குப் பொருத்தம் கிடைக்க நூற்றுக்கு 79 வாய்ப்பு. கறுப்பினத்தவருக்கோ 29 தான். நம்மவருக்குப் பொருத்தமானவர் பெரும்பாலும் நம்மவரிடையேதான் இருப்பார். நம்மவரோ பதிவேட்டில் குறைவு. சென்னையில் 2009-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட தாத்ரி போன்ற பதிவகங்கள் இக்குறையைப் போக்க உழைத்து வருகின்றன.

பதிவு செய்வது எளிது. கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக்குச்சியால் தடவி எடுப்பார்கள், அவ்வளவே. பொருத்தம் கண்டால்தான் மேற்கொண்டு இரத்தப் பரிசோதனையும் உடல் பரிசோதனையும். இன்று பெரும்பாலும் கையிலுள்ள இரத்தக் குழாய் வழியாகவே எடுக்கிறார்கள். நான்கைந்து நாட்கள் ஊசி போடுவார்கள்; அப்போது எலும்பு வலியும் தலைவலியும் வரக்கூடும். பிறகு சில மணி நேரம் படுத்திருக்க, இயந்திரம் வேண்டிய அணுக்களை மட்டும் பிரித்துக்கொண்டு மீதி இரத்தத்தை உடலுக்கே திருப்பிவிடும். சில சமயம் மயக்க மருந்து கொடுத்து இடுப்பெலும்பின் பின்புறத்திலிருந்து மஜ்ஜையை எடுப்பதும் உண்டு. முதுகுத்தண்டை யாரும் தொடுவதில்லை. கொடுத்தது சில வாரங்களில் உடலில் மீண்டும் ஊறிவிடும்.

மார்க்கத்தில் இது ஆகுமானதா என்று சிலர் என்னிடம் கேட்டார்கள். இஸ்லாமிய மாநாட்டு அமைப்பின் ஃபிக்ஹ் அகாடமி 1988-ஆம் ஆண்டு ஜித்தாவில் கூடியபோது, இரத்தம், தோல் போன்று தானே மீண்டும் உண்டாகக்கூடியவற்றை உயிரோடிருப்பவர் பிறருக்குக் கொடுப்பது ஆகும் என்று தீர்மானித்தது. கொடுப்பவர் முழுத் தகுதியுடையவராக இருக்க வேண்டும். விலை பேசக் கூடாது. மஜ்ஜையும் அத்தகையதே. கொடுத்தவரும் பெற்றவரும் பால்குடி உறவினரைப் போலாகி, அவர்களுக்கிடையே திருமண உறவு தடைப்படுமா என்றும் ஒருவர் கேட்டார். ஆகாது, பாலுக்குரிய சட்டம் இரத்தத்திற்கு இல்லை. கேள்வி நல்ல கேள்விதான். ஆனால் கேட்டவர் இன்னும் பதிவு செய்யவில்லை!

இனி நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்று. சிகிச்சை நாள் குறிக்கப்பட்டதும் நோயாளிக்கு மிகக் கடுமையான மருந்தைச் செலுத்தி அவருடைய பழைய மஜ்ஜையை அழித்துவிடுவார்கள். அதன் பிறகு கொடையாளர், "வீட்டில் வேண்டாம் என்கிறார்கள்" என்று பின்வாங்கினால், அந்த நோயாளி பழைய மஜ்ஜையும் இல்லாமல் புதியதும் இல்லாமல் நிற்பார். அந்நிலையில் உயிர் தரிப்பது அரிது. எந்தக் கட்டத்திலும் மறுக்கும் உரிமை கொடையாளருக்கு உண்டு. யாரும் கட்டாயப்படுத்த முடியாது. ஆயினும் மறுப்பவர் முன்னரே மறுத்துவிடட்டும். கூட்டத்தின் உற்சாகத்தில் பெயர் எழுதிவிட்டு, தொலைபேசி வரும்போது எடுக்காமல் இருப்பதைவிட எழுதாமல் இருப்பது எவ்வளவோ மேல்.

ஆகவே இளைஞர்களே, முதலில் உங்கள் வீட்டில் பேசுங்கள். தாய்மார்களுக்கும் ஒரு சொல்: "கல்யாணமாக வேண்டிய பெண், அவளுக்கு எதற்கு?" என்று தடுக்கிறீர்கள். மஜ்ஜை கொடுத்ததால் பிள்ளைப்பேற்றுக்குக் குறைவு வருவதில்லை. சந்தேகமிருப்பின் மருத்துவரிடம் நேரே கேளுங்கள். பக்கத்து வீட்டில் கேட்காதீர்கள்.

உங்கள் மாதிரி நம் மஹல்லா இளைஞருக்கே பொருந்தும் என்று நான் வாக்களிக்கவில்லை. பொருந்தாமல் போவதற்கே வாய்ப்பு அதிகம். பல ஆண்டுகள் கழித்து, பெயரோ ஊரோ தெரியாத ஒருவருக்காக உங்களை அழைக்கலாம். அவர் எந்தச் சமயத்தவர் என்பதும் உங்களுக்குத் தெரியாது. அந்த நிய்யத்தோடு வருகிறவர்கள் மட்டும் வாருங்கள்.

வரும் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் மதரஸா கூடத்தில் மாதிரி எடுக்க வருகிறார்கள். பெண்களுக்கு மேல்தளத்தில் தனி ஏற்பாடு; பெண் ஊழியர்களே எடுப்பார்கள். 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். இளவயதினரையே அதிகம் விரும்புகிறார்கள். அடையாள அட்டையும், மாறாத தொலைபேசி எண்ணும் கொண்டுவரவும். எண் மாறினால் பதிவகத்துக்குத் தெரிவித்துவிடவும்.

வஸ்ஸலாம்.