ஏக்கத்துக்கும் ஒரு கணக்கு உண்டு

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, நல்ல இடம் பிடிக்க வெயில் தாழுமுன்பே வந்து உட்கார்ந்துவிட்ட தாய்மார்களே!

மறைந்துபோன தெருமுனைக் கடைகளை நினைத்து ஏங்குவது வீண் என்று எதிரணித் தலைவர் முழங்கிவிட்டுப் போனார். ஏங்கத்தான் வேண்டும் என்பது எங்கள் அணி. ஒன்றைக் கவனித்தீர்களா? தனக்குக் கொடுத்த நேரத்தில் பாதியை அவர், காசு கொடுத்து வெளியூருக்குப் போன் பேசிய மஞ்சள் போர்டு எஸ்.டி.டி. பூத்தை வர்ணிப்பதிலேயே கழித்தார். ஏங்காதே என்று சொல்வதற்கே மனுஷருக்கு இவ்வளவு ஏக்கம்!

அவர் சொன்ன குறைகளை நான் மறுக்கவில்லை. கண்ணாடிக் கதவைச் சாத்தினால் வேர்க்கும், திறந்தால் குடும்பச் சண்டை தெருவுக்கே கேட்கும். ராத்திரி கட்டணம் குறையட்டும் என்று வரிசையில் நிற்போம். உள்ளே போனால் மீட்டரில் சிவப்பு எண் ஓடும், அம்மாவுக்குக் காய்ச்சல் விட்டதா என்று கேட்பதற்குள் சட்டைப்பையைத் தடவுவோம். அந்த அவஸ்தை போனது நல்லதுதான் ஐயா. செல்போனைத் திருப்பிக் கொடுக்க நானும் தயாரில்லை. நான் தேடுவது பூத்தை அல்ல, அதற்குள் உட்கார்ந்திருந்தவரை.

அவர் யார்? 1984-இல் அரசின் தொலைபேசித் தொழில்நுட்ப மையமான சி-டாட் தொடங்கியது. அதை உருவாக்கிய சாம் பிட்ரோடா போன்றவர்கள் போட்ட கணக்கு இதுதான்: வீட்டுக்கு வீடு போன் கொடுக்க இப்போதைக்கு முடியாது, தெருவுக்கு ஒன்றாவது கொடுப்போம். அந்த பூத்துகளை ஒதுக்கும்போது மாற்றுத்திறனாளிகளுக்கு முன்னுரிமை இருந்தது. போலியோவில் கால் சூம்பியவர், கண் தெரியாதவர் எல்லாம் கடை முதலாளி ஆனார்கள். வாசலில் மூன்று சக்கர வண்டி நிற்கும், உள்ளே அவர் ராஜாவாக உட்கார்ந்திருப்பார். “அக்கா, துபாய்லருந்து வீட்டுக்காரர் கூப்பிட்டார், பத்து நிமிஷத்துல மறுபடி பேசுறாராம், வந்து உட்காருங்க” என்று பையனை அனுப்பிச் சொல்லி வைப்பார். அதற்குத் தனிக் கட்டணம் கிடையாது.

1995 ஜூலை 31-இல் நாட்டின் முதல் செல்போன் அழைப்பு. 2003-இல் இன்கமிங் இலவசம். அடுத்த சில வருஷத்தில் பூத் காலி. புதிதாக எத்தனை பேர் செல்போன் வாங்கினார்கள் என்று மாதாமாதம் எண்ணிச் சொன்னார்கள். மூன்று சக்கர வண்டிக்காரர் எங்கே போனார் என்று எண்ணியது யார்? ஏங்குகிறவன்தான் ஐயா கேட்கிறான். ஏக்கம் இல்லாதவனுக்கு அந்தக் கேள்வியே தோன்றாது.

“மாறத் தெரிந்தவன் பிழைப்பான்” என்றார் எதிரணித் தலைவர். மாறவில்லை என்று யார் சொன்னது? பூத் காலியானதும் கடைக்காரர் ஜெராக்ஸ் மிஷின் போட்டார். அப்புறம் நாலு கம்ப்யூட்டர் வாங்கி பிரவுசிங் சென்டர் வைத்தார். எல்லார் கைக்கும் இன்டர்நெட் வந்ததும் ரீசார்ஜ் கார்டு விற்றார். இப்போது ரீசார்ஜையும் அவரவர் போனிலேயே செய்துகொள்கிறார்கள். ஒவ்வொரு தடவை மாறும்போதும் வீட்டில் ஒரு நகை அடகுக்குப் போயிருக்கும். இதற்கு மேல் மாற வேண்டுமென்றால் அவர் அவதாரம்தான் எடுக்க வேண்டும்! மாறும் செலவு முழுவதையும் கடைக்காரர் தலையில் கட்டிவிட்டு, வசதியை மட்டும் நாம் எடுத்துக்கொண்டோம். இதற்கு வளர்ச்சி என்று பெயர் வைக்க எனக்கு நாக்கு எழவில்லை.

அடுத்து, போட்டோ ஸ்டுடியோவை எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணாடி, சீப்பு, பவுடர் டப்பா, எல்லோருக்கும் பொதுவான ஒரே ஒரு கோட்டு. அந்தக் கோட்டைப் போட்டு நிமிர்ந்து உட்கார்ந்தவர்கள் இந்தக் கூட்டத்தில் நிறையப் பேர் இருப்பீர்கள், சிரிக்காதீர்கள். படம் எடுத்தபின் ஸ்டுடியோக்காரர் நெகட்டிவை உறையில் போட்டு எண் எழுதி வைப்பார். பல வருஷம் கழித்து, வீட்டில் பெரியவர் காலமான அன்று, அந்த எண்ணைச் சொன்னால் மாலை போடப் பெரிய படம் வரும். இன்று நம் போனில் ஆயிரக்கணக்கில் படம். போன் தண்ணீரில் விழுந்தால்? தாத்தா இரண்டாவது முறை போய்விடுகிறார்.

“எல்லாம் ஆன்லைன், இனி கடை எதற்கு?” என்கிறார்கள். டி.என்.பி.எஸ்.சி. அறிவிப்பு வரும் வாரத்தில் மிச்சமிருக்கும் ஒரு நெட் சென்டர் பக்கம் போய்ப் பாருங்கள். போட்டோவை அளவு குறைக்கவும், சாதிச் சான்றிதழை ஸ்கேன் செய்து ஏற்றவும், வந்த ஓ.டி.பி.யைச் சரியான கட்டத்தில் போடவும் கூட்டம் நிற்கிறது. ஸ்மார்ட்போன் எல்லோர் கையிலும் இருக்கிறது. ஆனாலும் பக்கத்தில் உட்கார்ந்து “பயப்படாதம்மா, தப்பாப் போனா திருத்திக்கலாம்” என்று சொல்ல ஒரு ஆள் வேண்டியிருக்கிறதே! தேவை போகாமலே கடை போகிறது. அதைத்தான் இழப்பு என்கிறோம்.

ஆகவே நடுவர் அவர்களே, தீர்ப்பு எழுதுமுன் எதிரணித் தலைவரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள். அவர் அப்பா ஓய்வூதியம் வாங்குகிறவர். வருஷா வருஷம் விரல் ரேகை வைத்து உயிர்வாழ் சான்று ஏற்றித் தருவது யார்? “தெருமுனைக் கடைத் தம்பி” என்று சொன்னாரென்றால், பேனாவை எடுத்துவிடலாம்.