இரண்டு சாக்ஸபோன்கள்

நான் சங்கீத விமர்சகன் அல்லேன். பெங்களூரில் மத்திய சர்க்கார் அலுவலகம் ஒன்றில், பிறர் எழுதியவற்றை மொழிபெயர்த்துக் கொண்டிருப்பவன். ஓர் இசைத்தட்டைப் பற்றிப் பேச எனக்குள்ள யோக்கியதை, அதை அல்சூரில் உள்ள எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையினர் ஒன்றாக அமர்ந்து கேட்டோம் என்பதுதான்.

அதன் பெயர் 'கின்ஸ்மென்'. உறவினர் என்று பொருள். 2008-ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்தது. அதில் சாக்ஸபோன் வாசித்தவர்கள் இருவர். ஒருவர் தென் கன்னடத்தைச் சேர்ந்த கத்ரி கோபால்நாத், 2019-இல் காலமானார். மற்றவர் ருத்ரேஷ் மஹந்தப்பா. கன்னடக் குடும்பத்தவர், இத்தாலியில் பிறந்து, அமெரிக்காவின் கொலராடோவில் வளர்ந்து, ஜாஸ் பயின்றவர். கன்னியாகுமரி அம்மையாரின் வயலினும், பூவாளூர் ஸ்ரீஜியின் மிருதங்கமும், கிதாரும் டிரம்முங்கூட உண்டு.

தட்டைக் கொண்டுவந்தவள் என் மகள். பெங்களூரில் பிறந்தவள், தமிழ் பேசுவாள், படிக்கத் தெரியாது. அவள் பேச்சில் கன்னடம் தாராளமாகக் கலந்திருக்கும். இதன் பொருட்டு என் தந்தையாருக்கும் அவளுக்கும் ஓயாத வழக்கு. கும்பகோணத்தை விட்டு முதுமையில் எங்களிடம் வந்தவர் அவர், சாக்ஸபோன் என்றதும், "கல்யாண ஊர்வலத்துப் பேண்டு வாத்தியந்தானே?" என்றார்.

கோபால்நாத்தின் ஆலாபனை தொடங்கியதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். காரணம் இல்லாமல் இல்லை. கோபால்நாத்தின் தந்தை நாகஸ்வரக்காரர்; மகனும் முதலில் அதைத்தான் கற்றார். மைசூர் அரண்மனைப் பேண்டில் கேட்ட பிறகே சாக்ஸபோன் மீது மோகம் கொண்டார். நாகஸ்வரத்தின் துளைகளை விரல் பாதி மூடலாம், மெல்ல நகரலாம். அதனால் கமகம் பிறக்கிறது. சாக்ஸபோனிலோ துளைகளை மூடுபவை உலோகச் சாவிகள். விரல் செய்யும் வேலையில் பெரும்பகுதியை உதடும் மூச்சும் ஏற்க வேண்டும். பெல்ஜியத்து அடால்ஃப் சாக்ஸ் 1846-இல் பாரிசில் உரிமை பெற்ற வாத்தியம் அது. கமகத்தை அவர் நினைத்திருக்க நியாயமில்லை.

மஹந்தப்பாவின் நாதம் வேறு வகை. கனமானது, சற்றே முரடானது, விரைவுடையது. இருவரும் கூடி ஒரே மெட்டை வாசிக்கும்போதும் இன்னார் குரல் இது என்று தெரிகிறது. என் தொழிலில், ஒரு மொழி வாழ மற்றொன்று வழிவிட்டாக வேண்டும். இங்கே இருவரும் தத்தம் மொழியிலேயே பேசுகின்றனர், இருவருக்கும் புரிகிறது! சில இடங்களில் தாள வாத்தியங்கள் ஒன்றையொன்று நெருக்குவதாக எனக்குப் பட்டது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

மஹந்தப்பாவின் ஆலாபனை முடிந்ததும் தந்தையார், "இந்தப் பிள்ளை யாரிடம் படித்தான்?" என்று கேட்டார். மாணவப் பருவத்தில் தமையன் வேடிக்கையாகக் கொடுத்த ஓர் இசைத்தட்டின் மூலமே அவர் கோபால்நாத்தை அறிந்தார் என்றும், பின்னர் 2007-இல் கூகன்ஹைம் நிதி பெற்று, அவரிடமே பயில இந்தியாவுக்கு வந்தார் என்றும் மகள் விளக்கினாள்.

"வேடிக்கையாகக் கொடுத்ததா?" என்றார் தந்தையார். சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு, "அந்தக் கல்யாணி என்று பேர் போட்டது இருக்கிறதே, அதை இன்னொரு தரம் வை, அம்மா" என்றார்.

அது முடிந்ததும், வாசித்தவர்கள் பெயரை எழுதித் தரும்படி அவளிடம் கேட்டார். அவள் கன்னட எழுத்தில் எழுதினாள். அவருக்கு அது படிக்க வராது. அவள் ஒவ்வொரு பெயராகச் சொல்லச் சொல்ல, அதனடியிலேயே அவர் தமிழில் எழுதிக் கொண்டார். அந்தச் சீட்டு இன்னும் தட்டின் உறைக்குள் இருக்கிறது.