இதயமும் ஒரு சுரப்பிதான்



ஓசூர் சிப்காட்டில் ஷிப்ட் வேலை பார்க்கும் சகோதரர் ஒருவர் மூச்சு வாங்குகிறதென்று ரத்தம் பரிசோதித்து, ரிப்போர்ட்டோடு எங்களிடம் வந்தார். "பாய், பி.என்.பி. நார்மல். கொலஸ்ட்ரால் மாத்திரையை நிறுத்திட்டேன்" என்றார். பதறிப்போனோம்.

இதயம் வெறும் பம்ப் அல்ல, ஹார்மோனும் சுரக்கிறது. 1981இல் கனடாவில் டி போல்ட் என்பவர் எலிகளின் இதயத்தில் இதைக் கண்டறிந்தார். இதய அறைகளில் அழுத்தம் கூடினால் ஏ.என்.பி., பி.என்.பி. சுரந்து, உப்பையும் நீரையும் சிறுநீரில் வெளியேற்றும். உடம்பில் சேர்ந்த கொழுப்பைக் கரைத்து ரத்தத்தில் விடும் வேலையும் அவற்றுக்கு உண்டு. அந்தக் கொழுப்பு வேறு, ரத்தக்குழாயில் படியும் எல்.டி.எல். கொலஸ்ட்ரால் வேறு. பி.என்.பி. இதயம் திணறுவதைக் காட்டும், கொலஸ்ட்ராலை அளக்காது. அதற்கு லிப்பிட் புரொஃபைல்தான் எடுக்க வேண்டும். இன்னொன்று: பருத்த உடம்புக்காரர்களுக்கு பி.என்.பி. குறைவாகவே காட்டும். நம்மில் பலர் அந்த ரகம்தானே!

அவரைக் கையோடு டாக்டரிடம் அழைத்துப் போனோம். மாத்திரை தொடர்கிறது.

2021 ஆகஸ்ட் 5இல் 'மக்களைத் தேடி மருத்துவம்' நம் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. பிரஷர், சுகர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. வருகிற ஊழியரிடம் கொலஸ்ட்ரால் பற்றியும் கேளுங்கள். டாக்டர் சொல்லாமல் எந்த மாத்திரையையும் நிறுத்தாதீர்கள்.