தகரப்பெட்டியில் இருக்கும் தாத்தா

(நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் பொங்கல் விழாக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

செயலாளர் எனக்குப் பத்து நிமிடம் கொடுத்திருக்கிறார். வங்கியில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். கணக்கையும் நேரத்தையும் மீற மாட்டேன்.

என் சொந்த ஊர் இளையரசனேந்தல். பழைய ஜமீன் ஊர். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஊரில் கிணற்றுப் பங்கு ஒன்றைச் சரி செய்ய வேண்டியிருந்தது. தாத்தாவுக்கும் அவருடைய தம்பிக்கும் பல காலம் முன்பு பாகப்பிரிவினை வழக்கு நடந்து, அதில் எல்லாம் எழுதியிருக்கிறது என்று அப்பா சொல்வார். தகரப்பெட்டியைத் திறந்தேன். தீர்ப்பின் நகல் இருந்தது. நாலாக மடித்த காகிதம், மடிப்பு வழியே நொறுங்கியிருந்தது. அதைக் காப்பாற்றுவதாக நினைத்துச் சித்தப்பா லேமினேஷன் வேறு செய்து வைத்திருந்தார். சூட்டில் மை கலங்கி, சர்வே எண் இருந்த வரி போய்விட்டது.

சான்றிட்ட நகல் கேட்டு மனுப் போட்டேன். கட்டு காலக்கெடு முடிந்து அழிக்கப்பட்டது என்று பதில் வந்தது. அதற்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது. 1917-ஆம் ஆண்டிலேயே ஆவணங்களை அழிப்பதற்கென்று தனிச் சட்டம் போட்டிருக்கிறார்கள். இடம் போதாத அறையில் எல்லாவற்றையும் வைத்துக்கொண்டிருக்க முடியாது என்பது எனக்கும் புரிகிறது.

கிணற்றுப் பங்கை எப்படியோ பேசி முடித்துவிட்டோம். மனதில் நின்றது வேறு ஒன்று. அந்த நகலில் "நான்காம் பிரதிவாதி" என்று ஒரு பெண். அவர் தகப்பனார் பெயர் தெளிவாக இருக்கிறது, அது என் கொள்ளுத்தாத்தா பெயர். ஆக, அவர் என் அப்பாவுக்கு அத்தை. அவருடைய பெயர் மட்டும் மடிப்பில் போய்விட்டது. இன்று எங்கள் குடும்பத்தில் அந்தப் பெயரைச் சொல்ல ஒருவரும் இல்லை.

வழக்குக் கட்டு என்றால் சண்டைக் காகிதம் என்றுதான் நினைக்கிறோம். ஆனால் பாகப்பிரிவினைப் பிராதில் பெரும்பாலும் கொடிவழிப் பட்டியல் இருக்கும். வாக்குமூலத்தில் சாட்சியின் வயது, தொழில், ஊர், தகப்பனார் பெயர் இருக்கும். பட்டாவில் இடம் பெறாத பெண்மக்கள் பெயர் வழக்கில் இருக்கும். குடும்ப வரலாறு தேடுகிறவருக்கு இதைவிட நல்ல இடம் ஏது?

இதில் எங்கள் பக்கத்துக்காரர்களுக்குக் கூடுதல் சிக்கல். இளையரசனேந்தல் முன்பு திருநெல்வேலி மாவட்டம், சங்கரன்கோவில் வட்டம். 2008-இல் வருவாய்க் கணக்குக்குத் தூத்துக்குடி மாவட்டம், கோவில்பட்டி வட்டம் ஆனது. 2019-இல் சங்கரன்கோவில் தென்காசி மாவட்டத்தோடு போனது. ஒரே குடும்பத்தின் காகிதத்தைத் தேட மூன்று மாவட்டம் அலைய வேண்டும்.

அரசாங்கம் சும்மா இருக்கவில்லை. இ-கோர்ட்ஸ் திட்டத்தின் மூன்றாம் கட்டத்துக்கு 2023-இல் மத்திய அமைச்சரவை 7,210 கோடி ரூபாய் ஒதுக்கியது. வழக்கு ஆவணங்களை ஸ்கேன் செய்வதற்கு மட்டும் அதில் 2,000 கோடிக்கு மேல். ஆனால் அது நீதிமன்றங்களில் மிஞ்சியிருப்பதற்குத்தான். நம் வீட்டுப் பெட்டிகளில் இருப்பதை நாம்தான் பார்க்க வேண்டும்.

இதை முன்பே செய்தவர்கள் இருக்கிறார்கள். 1870 முதல் 1940 வரையிலான கிராமப் பஞ்சாயத்து வழக்கு ஆவணங்களைத் தமிழ்நாட்டில் தேடிப் படமெடுத்தது புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம். அதற்குப் பணம் கொடுத்தது, பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்களுக்கான திட்டம். 2004-இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் அசல் காகிதம் நாட்டை விட்டுப் போவதில்லை. படம் மட்டும்தான் போகும். இன்னொன்று, இலங்கைத் தமிழர்களின் நூலகம் நிறுவனம். 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்து ஏறக்குறைய 97,000 நூல்கள் சாம்பலானதைப் பார்த்த சமூகம் அது. 2005 முதல் தன்னார்வலர் உழைப்பிலும் ஊர் ஊராக வந்த நன்கொடையிலும் அந்த இணைய நூலகத்தை வளர்த்திருக்கிறார்கள்.

இப்போது பணத்துக்கு வருகிறேன். ஸ்கேனருக்குத்தான் செலவு என்று நினைப்போம். உண்மையில் பெரிய செலவு ஆள் கூலி. மடிப்பை மெல்ல விரிக்க வேண்டும், தூசி தட்ட வேண்டும், பக்க வரிசை மாறாமல் படமெடுக்க வேண்டும். அதற்கு மேல் அட்டவணை போட வேண்டும். வங்கியில் இண்டெக்ஸ் இல்லாத லெட்ஜரை வைத்துக்கொண்டு யாருக்கும் பாக்கி சொல்ல முடியாது. அதே போல, அட்டவணை இல்லாத ஆயிரம் படமும் ஒரு பூட்டின பெட்டிதான். அதிலும் நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, தலைப்பெழுத்துதான். எந்த மாடசாமி என்று கண்டுபிடிக்கத் தகப்பனார் பெயர், ஊர், வருடம் மூன்றும் வேண்டும்.

என் யோசனை இது. விருப்பமுள்ள வீடு ஒவ்வொன்றும் 300 ரூபாய். கட்டாயம் இல்லை. மெயின்டனன்ஸ் கணக்கில் இந்தப் பணம் கலக்கக் கூடாது. தனிக் கணக்கு, இரண்டு பேர் கையெழுத்து, ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது, காலாண்டுக்கு ஒருமுறை இந்தச் செய்திமடலில் வரவு செலவு. மேலிருந்து படமெடுக்கும் ஸ்கேனர் ஒன்று வாங்கி, பழைய எழுத்து படிக்கத் தெரிந்தவர் ஒருவருக்கும் கல்லூரி மாணவர் ஒருவருக்கும் கூலி கொடுப்போம். படங்கள் அந்தந்தக் குடும்பத்துக்கே. சங்கத்திடம் இருக்கப்போவது அட்டவணை மட்டும், அதுவும் அவர்கள் சம்மதித்தால். சொத்துக் காகிதத்தை யாரும் வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டாம்.

நிதி சேரும் வரை காத்திருக்காமல் இந்த வாரமே செய்யக்கூடியவை சில உண்டு. பழைய பத்திரத்தை லேமினேஷன் செய்யாதீர்கள், செலோடேப் ஒட்டாதீர்கள், ரப்பர் பேண்ட் போடாதீர்கள். மடிப்பை விரித்துப் பருத்தித் துணியில் வையுங்கள். பகல் வெளிச்சத்தில் செல்போனில் முழுப் பக்கமும் தெரிய ஒரு படம் எடுங்கள். இரண்டு இடத்தில் சேமித்து, மூன்றாவது நகலை வெளியூரில் இருக்கும் பிள்ளையிடம் கொடுங்கள். அசலை எறிந்துவிடாதீர்கள். வங்கியும் நீதிமன்றமும் தாய்ப்பத்திரத்தைத்தான் கேட்கும். வழக்கில் தாக்கல் செய்த அசல் பத்திரம் இன்னும் நீதிமன்றத்தில் இருந்தால், அப்பீல் காலம் முடிந்ததும் மனுப் போட்டுத் திரும்ப வாங்குங்கள். என் தாத்தா வாங்கியிருந்தால் இன்று நான் இங்கே நின்று பேசியிருக்க மாட்டேன்.

முக்கியமானது ஒன்று பாக்கி. வீட்டில் எண்பது வயதுக்காரர் இருந்தால் அவர் பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் காகிதங்களைக் காட்டுங்கள். இது யார், அது யார் என்று கேட்டு பென்சிலால் தனித்தாளில் எழுதி வையுங்கள். எங்கள் வீட்டில் நான் கேட்க நினைத்தபோது பதில் சொல்ல ஆள் இல்லை.

நிதிக்கான நோட்டு வாசலில் மேசையில் இருக்கிறது. முதல் வரியில் என் பெயரும் 300 ரூபாயும் எழுதிவிட்டேன். இரண்டாவது வரி காலியாக இருக்கிறது.